இராணி மங்கம்மாள்

இராணி மங்கம்மாள் மதுரை நாயக்க அரசை 1689 முதல் ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகள் தன் பேரன் விசயரங்க சொக்கநாத நாயக்கரின் பெயரால் ஆண்ட அரசியார் ஆவார். இவர் சொக்கநாத நாயக்கரின் (ஆட்சிக்காலம் 1659–1682) மனைவியும், அரங்க கிருட்டிண முத்துவீரப்ப நாயக்கரின் (1682–1689) தாயும் ஆவார். இவரது ஆட்சி முடிந்த ஆண்டைச் சில நூல்கள் 1704 என்றும், சில நூல்கள் 1706 என்றும் குறிக்கின்றன. தமிழ்நாட்டில் அரசுப் பொறுப்பை நேரடியாக ஏற்று, படை அனுப்பியும் திறை செலுத்தியும் வழக்குகளைத் தீர்த்தும் நீண்ட காலம் ஆண்ட பெண்கள் மிகச் சிலரே. அவர்களுள் மக்கள் நினைவில் அதிகம் நிலைத்தவர் இவரே. சாலைகளும் சத்திரங்களும் அமைத்தவர் என்றே பொதுவாக அறியப்பட்டாலும், இவரது ஆட்சியின் பெரும்பகுதி போரிலும் பேச்சுவார்த்தையிலும் கழிந்தது.

பிறப்பும் திருமணமும்

மங்கம்மாள், மதுரை நாயக்கர் படையில் தளபதியாக இருந்த துபாகி லிங்கம நாயக்கரின் மகள் ஆவார். துபாகி என்பது துப்பாக்கியைக் குறிக்கும் தெலுங்குச் சொல். அக்குடும்பத்தின் போர்த்தொழிலை அவ்வடைமொழி காட்டுகிறது. மதுரை நாயக்கர்கள் விசயநகரப் பேரரசின் பிரதிநிதிகளாகத் தெற்கே வந்தவர்கள். எனவே அரண்மனையிலும் சாசனங்களிலும் தெலுங்கு வழங்கியது. நாட்டு மக்களிடம் தமிழ் வழங்கியது.

மங்கம்மாளை மணந்த சொக்கநாதர், திருமலை நாயக்கரின் பேரன் ஆவார். அவர் தலைநகரை மதுரையிலிருந்து திருச்சிராப்பள்ளிக்கு மாற்றினார். அங்கு அரண்மனை எழுப்புவதற்காகத் தன் பாட்டனார் கட்டிய மதுரை மகாலின் பகுதிகளைப் பிரித்து எடுத்துச் சென்றார் என்பது பரவலாகக் கூறப்படும் செய்தியாகும். மங்கம்மாளின் ஆட்சியும் பெரும்பாலும் திருச்சிராப்பள்ளியிலிருந்தே நடைபெற்றது.

சொக்கநாதரின் வீழ்ச்சி

மங்கம்மாள் எத்தகைய அரசைக் கையில் எடுத்தார் என்பதை அறிய, அவரது கணவரின் இறுதி ஆண்டுகளை அறிதல் வேண்டும். தஞ்சை நாயக்கர் விசயராகவரின் மகளைச் சொக்கநாதர் பெண் கேட்டார், விசயராகவர் மறுத்தார். அதன் விளைவாக 1673-இல் போர் மூண்டது. விசயராகவர் போர்க்களத்தில் மாண்டார். அவரது அந்தப்புரப் பெண்கள் வெடிமருந்தால் தம்மை மாய்த்துக்கொண்டனர். சொக்கநாதர் தன் வளர்ப்புச் சகோதரன் அழகிரியைத் தஞ்சையில் அமர்த்தினார். அழகிரியோ சிறிது காலத்தில் தன்னுரிமை கொண்டாடத் தொடங்கினான். இச்சச்சரவின் இடையே சிவாசியின் மாற்றாந்தாய் வழிச் சகோதரர் வெங்காசி (ஏகோசி) உள்ளே நுழைந்து தஞ்சையில் மராத்தியர் ஆட்சியை நிறுவினார். ஒரு திருமணப் பேச்சிலிருந்து தொடங்கிய போர் தஞ்சை நாயக்க மரபை அழித்ததோடு, மதுரைக்கு அருகிலேயே வலிமை மிக்க பகைவரையும் கொணர்ந்து வைத்தது.

அதன் பிறகு சொக்கநாதர் நிமிரவில்லை. சில காலம் அவரை நீக்கிவிட்டு அவரது தம்பியை அரியணையில் அமர்த்தினர். பின்னர் குதிரைப்படைத் தலைவனான உருசுதம் கான் என்பவன் திருச்சிராப்பள்ளியைத் தன் பிடியில் வைத்துக்கொண்டு, அரசரைக் கைதி போல நடத்தினான். மைசூர்ப் படை, மராத்தியப் படை, இராமநாதபுரம் சேதுபதியின் படை ஆகியவை கோட்டையைச் சூழ்ந்து நின்ற நிலையில், 1682-இல் சொக்கநாதர் மனமுடைந்து இறந்தார்.

அக்காலத்தில் அரச குடும்பத்துப் பெண்கள் கணவனின் சிதையில் தீப்பாய்வது வழக்கமாக இருந்தது. 1710-இல் கிழவன் சேதுபதி இறந்தபோது அவருடைய மனைவியர் 47 பேர் உடன்கட்டை ஏறியதாகச் சேசு சபைப் பாதிரியார்களின் மடல்கள் தெரிவிக்கின்றன. மங்கம்மாள் அவ்வாறு செய்யவில்லை. சுமார் பதினைந்து வயதுடைய மகனையும் சிதைந்த அரசையும் காக்க அவர் உயிரோடிருந்தார்.

மகனின் ஆட்சி

அரங்க கிருட்டிண முத்துவீரப்பர் ஏழாண்டுகளே ஆண்டார். எனினும் மைசூரார் வசம் சென்றிருந்த மதுரையை மீட்டு, இழந்த பகுதிகளில் பலவற்றைத் திரும்பப் பெற்றார். அவரைப் பற்றி நாட்டில் வழங்கும் கதை ஒன்று உண்டு. முகலாயப் பேரரசர் ஔரங்கசீப்பின் காலணி ஒன்றை யானைமேல் ஏற்றி ஊர்வலமாகக் கொண்டுவருவர் என்றும், குறுநில மன்னர்கள் அதனை வணங்கிக் கப்பம் கட்டுவர் என்றும், முத்துவீரப்பர் அதனைத் தன் காலில் மாட்டிக்கொண்டு தூதர்களை விரட்டினார் என்றும் அக்கதை கூறும். முகலாயரிடம் அவர் பணியவில்லை என்ற நினைவே இவ்வாறு கதையுருப் பெற்றது எனலாம். இக்கதையை இங்கு கூறக் காரணம், அதே முகலாயரிடம் அவருடைய தாய் நடந்துகொண்ட முறை முற்றிலும் வேறானது என்பதே.

1689-இல் முத்துவீரப்பர் பெரியம்மை நோயால் இறந்தார். அவருடைய மனைவி சின்ன முத்தம்மாள் அப்போது கருவுற்றிருந்தார். கணவனோடு இறக்க விரும்பிய அவரை, குழந்தை பிறக்கும் வரையேனும் பொறுக்குமாறு மங்கம்மாள் வேண்டித் தடுத்ததாகவும், ஆண் குழந்தை பிறந்த சில நாட்களில் அவர் உயிரை விட்டதாகவும் கூறப்படுகிறது. கணவன், மகன், மருமகள் ஆகிய மூவரையும் இழந்த மங்கம்மாளின் கையில் ஒரு கைக்குழந்தை இருந்தது. அக்குழந்தைக்கு மூன்று மாதம் நிறைந்தபோது விசயரங்க சொக்கநாதர் என்று பெயரிட்டு முடிசூட்டினர். ஆட்சிப் பொறுப்பைப் பாட்டியார் ஏற்றார்.

பிறர் பெயரால் ஆளுதல்

பண்டைய காலம் முதல் அரசுரிமை ஆண்வழியே செல்லும் நாடுகளில் பெண்கள் ஆட்சிக்கு வந்த வழிகள் சிலவே. கி.மு. 15ஆம் நூற்றாண்டில் எகிப்தில் ஹட்செப்சுட், சிறுவனான மூன்றாம் துட்மோசின் காப்பாளராகத் தொடங்கி, பின்னர்த் தாமே பாரோ பட்டத்தைச் சூடிக்கொண்டார். சிற்பங்களில் ஆணரசருக்குரிய ஒட்டுத்தாடியோடு காட்சியளித்தார். அவர் இறந்த பின்னர் அவருடைய பெயரும் உருவமும் பல இடங்களில் செதுக்கி அழிக்கப்பட்டன. 13ஆம் நூற்றாண்டில் காகதீய நாட்டை ஆண்ட உருத்திரமாதேவி, கல்வெட்டுகளில் உருத்திரதேவ மகாராசர் என ஆண்பெயரால் குறிக்கப்பட்டார். மங்கம்மாள் இவ்விரு வழிகளையும் நாடவில்லை. அரியணை பேரனுடையது, ஆணை பாட்டியாருடையது. இது பாதுகாப்பான வழியாகத் தோன்றினாலும், இதற்கு ஒரு கெடு உண்டு. பேரன் வளர்ந்துவிட்டால் ஆளும் உரிமை முடிந்துவிடும்.

மங்கம்மாள் தனித்த விதிவிலக்காகவும் இருக்கவில்லை. கன்னட நாட்டில் கெளதி சென்னம்மா 1672 முதல் 1697 வரை ஆண்டார். தெற்கே வேணாட்டில் உமையம்மை இராணி 1677 முதல் 1684 வரை இளவரசர் இரவிவர்மருக்காக ஆட்சி நடத்தினார். மராத்திய நாட்டில் தாராபாய் 1700-இல் தன் சிறு மகனின் பெயரால் ஆட்சியை ஏற்று ஔரங்கசீப்பை எதிர்த்து நின்றார். கடலுக்கு அப்பால் சுமத்திராவின் ஆச்சே நாட்டில் 1641 முதல் 1699 வரை தொடர்ந்து நான்கு பெண்கள் சுல்தான்களாக ஆண்டனர். இங்கிலாந்தில் ஆன் அரசி 1702-இல் முடிசூடினார். மங்கம்மாளின் ஆட்சிக்காலத்தை இவர்களோடு சேர்த்துக் காண்பதே முறையாகும்.

செஞ்சி முற்றுகையும் முகலாயர் திறையும்

மங்கம்மாள் பொறுப்பேற்ற அதே ஆண்டில், இன்றைய விழுப்புரம் மாவட்டத்தில் நிகழ்ந்த ஒரு நிகழ்ச்சி அவரது ஆட்சியின் போக்கை முடிவு செய்தது. சிவாசியின் இளைய மகன் இராசாராம், முகலாயப் படையிடமிருந்து தப்பி, கெளதி சென்னம்மாவின் நாட்டு வழியே தெற்கே வந்து, 1689 இறுதியில் செஞ்சிக் கோட்டைக்குள் புகுந்தார். திண்டிவனத்திற்கு மேற்கே மூன்று குன்றுகளை மதிலால் இணைத்துக் கட்டிய கோட்டை அது. செஞ்சி நாயக்கர்களிடமிருந்து 1649-இல் பீசப்பூர் சுல்தானுக்கும், 1677-இல் சிவாசிக்கும் கைமாறியிருந்தது. இராசாராம் வந்ததும் அது மராத்தியரின் தலைநகரமே ஆகிவிட்டது.

ஔரங்கசீப் அனுப்பிய தளபதி சுல்பிகர் கான் 1690-இல் செஞ்சியை முற்றுகையிட்டார். முற்றுகை 1698-இன் தொடக்கம் வரை, ஏழாண்டுகளுக்கு மேல் நீடித்தது. அவ்வளவு பெரிய படை அத்தனை ஆண்டுகள் ஒரே இடத்தில் தங்குமாயின் அதற்குத் தீனியும் பணமும் வேண்டும். செஞ்சியைச் சூழ்ந்த திண்டிவனம், விழுப்புரம், கோலியனூர் வட்டாரம் அந்தச் சுமையின் நடுவே கிடந்தது. கடற்கரையிலும் அமைதியில்லை. 1690-இல் ஆங்கிலேயர் தேவனாம்பட்டினத்துக் கோட்டையை இராசாராமிடமிருந்து விலைக்கு வாங்கினர். 1693-இல் ஒல்லாந்தர் புதுச்சேரியைப் பிரெஞ்சுக்காரரிடமிருந்து கைப்பற்றினர். செஞ்சிக்குத் தெற்கே பணம் உள்ள அரசுகள் தஞ்சையும் மதுரையுமே. சுல்பிகர் கானின் பார்வை அவற்றின் மீது விழுந்தது.

இங்குதான் மங்கம்மாள் தன் மகனின் வழியிலிருந்து விலகினார். முகலாயரை எதிர்க்கும் ஆற்றல் மதுரைக்கு இல்லை. ஏழாண்டுகளுக்கு மேல் முற்றுகையைத் தாங்கிய செஞ்சிக்கே இறுதியில் வீழ்ச்சிதான் என்பதைப் பின்னர் உலகம் கண்டது. மங்கம்மாள் முகலாயருக்குத் திறை செலுத்த ஒப்புக்கொண்டார். சுல்பிகர் கானுக்கு விலையுயர்ந்த பரிசுகளையும் அனுப்பினார். அதற்கு ஈடாக, தஞ்சை மராத்தியர் பறித்துக்கொண்டிருந்த சில பகுதிகளை முகலாயர் துணையுடன் மீட்டுக்கொண்டார். மராத்தியர் முகலாயரின் பகைவர் என்பதையும், தஞ்சை அரசர் செஞ்சிக்கு உதவுபவர் என்பதையும் அவர் நன்கு பயன்படுத்தினார். கொடுத்த திறையைத் தோல்வி எனக் கருதும் ஆசிரியர்கள் உண்டு. ஆனால் அத்திறையால் மதுரைச் சீமையில் முகலாயப் படை கூடாரமிடவில்லை என்பதைச் செஞ்சிச் சீமையின் கதியோடு வைத்து எண்ணிப் பார்க்கலாம்.

(செஞ்சியின் பெயரால் மக்கள் பாடும் வீரன் இராசா தேசிங்கு 1714-இல் ஆர்க்காட்டு நவாபை எதிர்த்து இளவயதில் மாண்டார். அவரது போர் ஒரு நாளில் முடிந்தது. கதைப்பாடல் இன்றும் வழங்குகிறது. பணிந்து பிழைத்த அரசர்களுக்குக் கதைப்பாடல்கள் எளிதில் அமைவதில்லை.)

வேணாட்டுப் போர்

வடக்கே பணிந்த மங்கம்மாள் தெற்கே பணியவில்லை. வேணாட்டு அரசர் மதுரைக்குச் செலுத்த வேண்டிய கப்பத்தைச் செலுத்தாதபோது, ஆண்டுதோறும் படை சென்று தண்டி வருவது வழக்கம். 1697-இல் அவ்வாறு சென்ற படைக்கு இரவிவர்மர் ஒரு சூழ்ச்சி செய்தார். தன்னை ஆட்டிவைத்த அமைச்சர்களை ஒடுக்க உதவினால் கல்குளம் கோட்டையைத் தருவதாக அவர் மதுரைப் படைத்தலைவர்களுக்கு ஆசை காட்டினார். அமைச்சர்கள் ஒடுங்கியதும், தன்னை நம்பி வந்த படையையே தாக்கி அழித்தார். உயிர் தப்பியவர் மிகச் சிலரே.

இரவிவர்மர் உமையம்மை இராணியின் காப்பில் வளர்ந்தவர். ஒரு பெண்ணின் ஆட்சியால் அரசுரிமை காக்கப்பட்டவர், இன்னொரு பெண்ணின் படையை இவ்வாறு எதிர்கொண்டார்.

மங்கம்மாள் தளவாய் நரசப்பய்யரின் தலைமையில் பெரும்படையை அனுப்பினார். தளவாய் என்பது படைத்தலைமையும் முதலமைச்சர் பொறுப்பும் ஒருசேர அமைந்த பதவியாகும். கடும் போருக்குப் பின் வேணாடு பணிந்தது. நிலுவையில் இருந்த திறையோடு பொன்னையும் பீரங்கிகளையும் நரசப்பய்யர் கொண்டுவந்தார்.

தஞ்சையும் காவிரியும்

தஞ்சையை அப்போது வெங்காசியின் மகன் சகசி ஆண்டுவந்தார். கொள்ளிடக் கரை ஊர்களில் தஞ்சைக் குதிரைப்படை புகுந்து கொள்ளையிடுவது ஓயவில்லை. 1700-இல் நரசப்பய்யர் படையுடன் சென்றார். ஆற்றங்கரையில் பாசறை அமைத்து, தஞ்சைப் படையை நேரே எதிர்ப்பதைத் தவிர்த்தார். நீர் வற்றிய ஓரிடத்தில் ஓசையின்றி ஆற்றைக் கடந்து, காவலற்ற தஞ்சை நாட்டிற்குள் நுழைந்தார். தம் ஊர்களைக் காக்க விரைந்து திரும்பிய தஞ்சைப் படையினர் பலர், இடையில் பெருகிவிட்ட ஆற்றில் மூழ்கி இறந்தனர்.

தோல்விக்குத் தஞ்சையில் அமைச்சர் பாலாசி பண்டிதர் மீது பழி விழுந்தது. தன் உயிருக்கு அஞ்சிய அவர், சில நாட்களுக்குள் பகைவரைத் திருப்பி அனுப்புவதாக அரசரிடம் வாக்களித்தார். எழுத்தர்களிடமும் செல்வர்களிடமும் பெருந்தொகை திரட்டி, அதனைத் திருச்சிராப்பள்ளியில் உரிய இடங்களில் கொடுத்து அமைதியை வாங்கினார். வாங்கியவர்கள் யார் என்பதைப் பார்த்தால் மங்கம்மாளின் அரசவையும் தூய்மையானதாக இல்லை என்பது விளங்கும். போரில் வென்ற பின்னும் பணத்திற்குப் படை திரும்பியது.

ஆனால் அடுத்த ஆண்டே இவ்விரு அரசுகளும் ஒன்று சேர வேண்டிய நிலை வந்தது. மைசூர் அரசர் சிக்கதேவராயர் காவிரியின் குறுக்கே அணை எழுப்பினார். ஆற்றில் நீர் வரத்துக் குறையவே, திருச்சிராப்பள்ளிப் பகுதியும் தஞ்சை நாடும் ஒருசேர வாடின. பழைய பகையை மறந்து இரு அரசுகளும் மைசூர் மீது படையெடுக்க ஆயத்தமாயின. படை புறப்படுமுன் மேல்நாட்டில் பெருமழை பெய்தது. வெள்ளம் அணையை உடைத்துக்கொண்டு வந்தது. போருக்கு வேலையில்லாமல் போயிற்று. காவிரி நீருக்காகக் கீழ்நாட்டு அரசுகள் மேல்நாட்டோடு பொருத முற்பட்டது இதுவே முதல்முறை அன்று. 12ஆம் நூற்றாண்டிலும் இத்தகைய செய்தி உண்டு.

சேதுபதியிடம் தோல்வி

மங்கம்மாள் தோற்ற இடம் இராமநாதபுரம். கிழவன் சேதுபதி எனப்படும் இரகுநாத சேதுபதி, சொக்கநாதரை உருசுதம் கானிடமிருந்து விடுவிக்க உதவியவர். பின்னர் மதுரையின் மேலாண்மையை மறுத்துத் தன்னுரிமையுடன் ஆண்டார். 1693-இல் போர்த்துக்கீசியப் பாதிரியார் அருளானந்தர் (சான் டி பிரிட்டோ) ஓரியூரில் தலை துணிக்கப்பட்டது இவரது ஆணையால்தான். 1702-இல் மங்கம்மாள் தஞ்சையின் துணையோடு இவர்மீது படை செலுத்தினார். மறவர் நாட்டின் முட்காடுகளும், தம் நிலத்தில் நின்று போரிட்ட சேதுபதியின் படையும் மதுரைப் படையை முறியடித்தன. நரசப்பய்யர் இப்போரில் உயிரிழந்தார். மங்கம்மாளின் வலக்கை முறிந்தது போன்ற நிலை ஏற்பட்டது. இராமநாதபுரம் அதன்பின் மதுரைக்குக் கட்டுப்படவில்லை.

சமய நடுநிலை

மங்கம்மாள் தாம் வைணவ, சைவக் கோயில்களுக்குக் கொடைகள் வழங்கியதோடு, பிற சமயத்தவரையும் காத்தார். திருச்சிராப்பள்ளியில் உள்ள நத்தர் ஒலியுல்லா தர்காவிற்கு அவர் நிலம் வழங்கியதாகச் சாசனம் உண்டு. கிறித்தவப் பாதிரியார் புசேத், திருச்சிராப்பள்ளியில் தளவாய் நரசப்பய்யரால் மதிப்புடன் வரவேற்கப்பட்டார். ஓரியூர் நிகழ்ச்சி நடந்த அதே ஆண்டுகளில், எல்லைக்கு இப்பால் கிறித்தவர்கள் தடையின்றி வாழ்ந்தனர்.

மதுரையில் குடியேறிய நெசவாளர்களான சௌராட்டிரரின் வழக்கு குறிப்பிடத்தக்கது. பூணூல் மாற்றும் ஆவணி அவிட்டச் சடங்கை அவர்கள் செய்யக்கூடாது என எதிர்ப்பு எழுந்து, சடங்கு செய்தவர்கள் சிறை வைக்கப்பட்டனர். மங்கம்மாள் இதனை நூலறிந்தோரின் ஆய்வுக்கு விட்டு, அவர்களுக்கு அவ்வுரிமை உண்டு என்று 1704-இல் ஓலைச் சாசனம் வழங்கினார். நெசவாளர் சமூகம் இச்சாசனத்தை நெடுங்காலம் தன் உரிமைச் சான்றாகப் போற்றியது.

சாலைகளும் சத்திரங்களும்

மங்கம்மாளின் பெயரைப் பொதுமக்களிடம் நிலைநிறுத்தியவை சாலைகளே. மதுரையிலிருந்து கன்னியாகுமரி நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையை அவர் அமைத்து, இருமருங்கும் நிழல் மரங்கள் நட்டார் என்பர். தென்மாவட்டங்களில் இன்றும் சில பழைய வழித்தடங்கள் மங்கம்மாள் சாலை எனப்படுகின்றன. சாலையோரத்தில் குடிநீர்ப் பந்தல்களும், வழிப்போக்கர் தங்கி உண்ணச் சத்திரங்களும் அமைந்தன. மதுரைத் தொடர்வண்டி நிலையத்திற்கு எதிரே உள்ள மங்கம்மாள் சத்திரம் பலரும் அறிந்ததே. மதுரைத் தமுக்கம் அரண்மனையும் அவருடன் தொடர்புடையது. அங்கு 1959 முதல் காந்தி நினைவு அருங்காட்சியகம் இயங்குகிறது.

இப்பணிகளுக்கு மக்கள் கூறும் காரணம் விந்தையானது. ஒருநாள் தன்னை மறந்த நிலையில் அரசியார் இடக்கையால் வெற்றிலையை எடுத்து வாயில் இட்டுவிட்டாராம். அப்பிழைக்குக் கழுவாயாகவே சாலைகளும் சத்திரங்களும் சமைத்தாராம். ஓர் ஆண் அரசன் சாலை அமைத்தால் அதற்கு நாட்டு நலன் என்ற ஒரே காரணம் போதும். பெண் அமைத்தால், அதற்கு முன் அவள் ஒரு பிழை செய்திருக்க வேண்டும் என்று கதை எதிர்பார்க்கிறது. படைகள் விரைந்து செல்லவும், யாத்திரிகர்களும் வணிகர்களும் அச்சமின்றிச் செல்லவும் சாலை தேவை என்பதை வேணாட்டிற்கு ஆண்டுதோறும் படை அனுப்பிய அரசியார் அறியாதவர் அல்லர்.

ஊஞ்சல் மண்டப ஓவியம்

மதுரை மீனாட்சியம்மன் கோயிலில் பொற்றாமரைக் குளத்தை ஒட்டிய ஊஞ்சல் மண்டபத்தின் விதானத்தில் மங்கம்மாள் காலத்து ஓவியங்கள் உள்ளன. மீனாட்சி திருக்கல்யாணக் காட்சியில் மங்கம்மாளும் சிறுவனான விசயரங்க சொக்கநாதரும் நிற்கின்றனர். மற்றொரு காட்சியில் அம்மனின் செங்கோலை மங்கம்மாள் பெற்றுக்கொள்கிறார். மதுரையின் உண்மையான அரசி மீனாட்சி என்பதும், சித்திரைத் திருவிழாவில் அவளுக்கு முடிசூட்டிய பின் அவளுடைய செங்கோலை நாடாள்பவர் பெற்றுக்கொள்வதும் இவ்வூர் மரபு. பேரன் பெயரால் ஆண்டவர் என்றாலும், செங்கோல் பாட்டியாரின் கையில்தான் தரப்படுகிறது. தன்னைப் பற்றி மங்கம்மாள் என்ன எண்ணினார் என்பதற்கு இவ்வோவியத்தை விடத் தெளிவான சான்று வேறில்லை.

2024 ஏப்ரலில், கோயில் அறங்காவலர் குழுத் தலைவர் கணவரை இழந்தவர் என்பதால் அவரிடம் செங்கோல் வழங்கக்கூடாது எனக் கோரி, சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் வழக்குத் தொடரப்பட்டது. நீதிமன்றம் அதனைத் தள்ளுபடி செய்தது. ஓவியத்தில் செங்கோல் பெறும் மங்கம்மாளும் கணவரை இழந்தவரே.

இறுதிக்காலம்

மங்கம்மாளின் முடிவு பற்றி வழங்கும் கதை கொடியது. பேரன் வளர்ந்து ஆட்சியைக் கேட்டபோது அவர் தர மறுத்தார் என்றும், அமைச்சர் அச்சையா என்பவருக்கும் அவருக்கும் தகாத உறவு இருந்தது என்றும், பேரனின் பக்கம் நின்றோர் அவரைச் சிறைப்படுத்தி, கண்ணுக்குத் தெரியும் தொலைவில் உணவை வைத்து, எட்டவிடாமல் பட்டினியால் கொன்றனர் என்றும் அது கூறும். ஆங்கிலேய ஆட்சிப் பணியாளர் நெல்சன் 1868-இல் வெளியிட்ட மதுரைச் சீமை பற்றிய நூலில் இம்மரபு இடம்பெற்று, பின்வந்த நூல்களில் பரவியது.

இதில் நம்பத்தக்க பகுதி எது, கட்டுக்கதை எது எனப் பிரித்துக் காணலாம். முத்துவீரப்பர் பதினைந்து வயதளவில் அரசேற்றார். 1704-இல் விசயரங்கருக்கும் அதே வயது. ஆட்சி 1706 வரை நீண்டது என்று கொண்டால், இரண்டாண்டு காலத் தாழ்ப்பு உண்டு. அந்த இரண்டாண்டில் பாட்டியாருக்கும் பேரனுக்கும் இடையே பூசல் முற்றியிருத்தல் இயல்பு. நரசப்பய்யர் போன்ற வலிமையான தளவாய் மறைந்துவிட்ட நிலையில் அரண்மனைக் கட்சிகள் தலைதூக்கியதும் இயல்பே. ஆயின் அச்சையாவைப் பற்றிய வசை, அதிகாரத்தில் இருந்த கைம்பெண்கள் அனைவர்மீதும் ஏறத்தாழ ஒரே வடிவில் சுமத்தப்படுவது. கெளதியிலும் காசுமீரத்திலும் உருசியாவிலும் இதே கதையைக் கேட்கலாம். பட்டினிச் சாவு பற்றிய விவரங்கள் நிகழ்ச்சி நடந்து ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின்னரே நூலில் ஏறியவை என்பதையும் மறக்கலாகாது. ஆயிரக்கணக்கானோர்க்குச் சத்திரங்களில் உணவிட்டவர் உணவின்றி இறந்தார் என்ற முரண், கதை சொல்வோரை ஈர்த்திருக்கும். 1924-இல் மதுரை நாயக்கர் வரலாற்றை எழுதிய இரா. சத்தியநாத ஐயர் மங்கம்மாளை நாயக்க அரசர்களுள் திறமை மிக்கவர்களோடு வைத்து மதிப்பிட்டார்.

மங்கம்மாளுக்குப் பின்

விசயரங்க சொக்கநாதர் 1732 வரை ஆண்டார். இறைப்பற்று மிக்கவர், கோயில் கோயிலாகச் சென்று கொடைகளை வாரி வழங்கினார். திருவரங்கம் கோயிலில் உள்ள அவரது குடும்பத்தாரின் தந்தச் சிற்பங்கள் புகழ்பெற்றவை. அரசுப் பணிகளை அமைச்சர்களிடம் விட்டுவிட்டார், கருவூலம் வற்றியது.

அவருக்கு மகன் இல்லை. எனவே அவர் இறந்ததும் அவருடைய மனைவி மீனாட்சி, பங்காரு திருமலையின் மகனைத் தத்தெடுத்து, அச்சிறுவன் பெயரால் ஆளத் தொடங்கினார். மங்கம்மாள் ஆண்ட அதே முறைதான். ஆனால் சிறுவனின் தந்தை பங்காருவே உரிமை கோரி எதிர்த்தார். இருவரும் ஆர்க்காட்டு நவாபின் குடும்பத்தாரிடம் முறையிட்டனர். நவாபின் மருமகன் சந்தா சாகிப் மீனாட்சிக்குத் துணை நிற்பதாக உறுதி கூறி, பெருந்தொகை பெற்றுக்கொண்டு, கோட்டைக்குள் நுழைந்ததும் அவரையே சிறைப்படுத்தினார். குர்ஆன் எனத் துணியில் சுற்றிய செங்கல்லின்மீது அவர் ஆணையிட்டார் என்று ஒரு கதையும் உண்டு. மங்கம்மாள் பணத்தைக் கொடுத்து முகலாயப் படையை எல்லைக்கு வெளியே நிறுத்தினார். மீனாட்சி பணத்தைக் கொடுத்து அயற்படையை உள்ளே அழைத்தார். மீனாட்சி நஞ்சுண்டு இறந்தார். 1736-இல் மதுரை நாயக்க அரசு முடிவுற்றது.

நினைவுகள்

நா. பார்த்தசாரதி இராணி மங்கம்மாள் என்ற பெயரில் வரலாற்றுப் புதினம் எழுதியுள்ளார். திண்டுக்கல்லைத் தலைமையிடமாகக் கொண்ட அரசுப் போக்குவரத்துக் கழகம் சில காலம் இராணி மங்கம்மாளின் பெயரைத் தாங்கியிருந்தது. 1997-இல் மாவட்டங்களுக்கும் போக்குவரத்துக் கழகங்களுக்கும் இடப்பட்டிருந்த தலைவர்களின் பெயர்கள் அனைத்தும் நீக்கப்பட்டபோது இப்பெயரும் நீங்கியது. திருச்சிராப்பள்ளி மலைக்கோட்டையின் அடிவாரத்தில் உள்ள நாயக்கர் அரசவை மண்டபம் இராணி மங்கம்மாள் மகால் என வழங்குகிறது. அதில் அரசு அருங்காட்சியகம் அமைந்துள்ளது.